நட்டமும் ஈடும்
காயவழக்குச் சொற்கள் பற்றி, மாத்தளைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழ் இலக்கணகாரர் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை நுணுகி ஆராய்ந்தனர். நீதிமன்றத்தின் வாயிலில் அத்தொடர்பு வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. அங்கே ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டவர் இழப்பது அதன் பொருளை மட்டுமன்று. கைக்கு வரவேண்டிய பொருளையும் இழந்துவிடுகிறார். இலங்கையில் உடற்காயம் பற்றிய வழக்குகளில் வழங்கும் தமிழ்ச் சொற்கள் பல, அவற்றால் பயன்பெற வேண்டியவருக்கே வழிமறிக்கும் கற்களாகக் கிடக்கின்றன. அச்சொற்கள் அகராதியளவிற் சரியானவையா என்பது ஒரு கேள்வி. அவை எவருக்காக ஆக்கப்பட்டன, எவரிடம் போய்ச் சேர்கின்றன என்பது அதனிலும் முக்கியமான கேள்வி. மாத்தளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளரை மனத்திற்கொண்டு இவ்விரண்டையும் நோக்குதல் தகும்.

1. வழியும் சட்டமும்

மாத்தளை, தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றில் ஒரு வாயில். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டுவழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளையை அடைந்தே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. அதற்கு முன்னரே அவ்வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப்பலர். அவர்களுடைய சாவுக்கு ஈடு கேட்கச் சட்டத்தில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

சொல் இருந்த இடம் வேறு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம், வேலையை விட்டகன்ற தொழிலாளியைக் குற்றவாளியாகக் கண்டு தண்டித்தது. வேலையிற் காயமுற்ற தொழிலாளிக்கென ஒரு தனிச்சட்டம் தோன்ற 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமே அது. தொழிலாளியைக் குற்றவாளியாக அறிந்துகொண்ட சட்டம், அவரைக் காயம்பட்டவராக அறிந்துகொள்ள ஏறத்தாழ 70 ஆண்டுகள் எடுத்தது. இன்றுங்கூட அவர் விசாரணை மேசையின் முன் நிற்கும்போது ‘என்ன பிழை செய்தாய்?’ என்ற கேள்வியையே முதலில் எதிர்பார்க்கிறார். இதற்கு அந்த வரலாறு ஒரு காரணம் எனலாம்.

2. வினைமுதல் இல்லாத வாக்கியம்

தோட்டத்திற் காயம்பட்டவர் நடந்ததைச் சொல்லும் முறை நுணுகி நோக்கத்தக்கது. ‘கையில அடிபட்டுருச்சு’, ‘கால் வழுக்கிருச்சு’, ‘விரல் போயிருச்சு’ என்பன அவர் வாக்கியங்கள். அடிபடுதல், காயப்படுதல், துன்பப்படுதல் எனப் ‘படு’ என்னும் துணைவினையால் தமிழர் தம் துயர்களையெல்லாம் சொல்லிவிடுகின்றனர். அவ்வினை, துன்பம் எவர்மேல் வந்தது என்பதைக் கூறும். எவரால் வந்தது என்பதைக் கூறுவது கட்டாயமில்லை. இதனோடு ‘நேரம் சரியில்லை’ என்ற தொடரும் சேர்ந்துவிட்டால், செய்தவர் எவரும் இல்லாத ஒரு நிகழ்ச்சியே எஞ்சும்.

சட்டம் கேட்பது இதற்கு நேர்மாறானது. செயல் யாது, செய்தவர் யார், எவர்க்கு நேர்ந்தது, எவ்விடத்தில், எக்காலத்தில், எக்கருவியால், எவருக்காக, என்ன பயன் கருதி என்று அது வரிசையாகக் கேட்கும். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தைப் பயின்ற மாணவருக்கு இவ்வரிசை புதிதன்று. ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டியனவாக அந்நூல் எண்ணும் எட்டும் ஏறத்தாழ இவையே. நல்ல வாக்குமூலம் ஒன்றுக்கு வேண்டிய சட்டகம் தமிழ் இலக்கணத்தில் ஆதியிலிருந்தே உள்ளது. ‘அடிபட்டுருச்சு’ என்னும் வாக்கியத்தை அச்சட்டகத்தில் வைத்து விரித்தால், இயந்திரத்தின் காப்புத்தகடு கழன்றிருந்தது, அது கணக்கப்பிள்ளைக்கு முன்பே சொல்லப்பட்டது, மாலைக்குள் அரைத்து முடிக்கும்படி கட்டளையிடப்பட்டது என்பன வெளிவரும். விரிக்காவிட்டால் விதி ஒன்றே வினைமுதலாக நிற்கும். விதியின்மேல் வழக்குத் தொடர முடியாது.

3. ஒரு சொல், இரு வழி

காயவழக்குச் சொற்களில் முதன்மையானது ‘நட்டஈடு’. நட்டம் இழப்பைக் குறிக்கும். ஈடு என்பதற்குச் சமம், பிணை, ஒன்றனிடத்தில் வைக்கப்படும் மற்றொன்று எனப் பல பொருள் உண்டு. சொல்லமைப்பில் குறை காண்பதற்கில்லை. குறை அதன் ஆட்சியில் உள்ளது. முற்றிலும் வேறுபட்ட இரண்டு உரிமைகளுக்கு இலங்கைத் தமிழில் இவ்வொரு சொல்லே வழங்குகின்றது.

முதலாவது உரிமை, இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்திற் கோரப்படுவது. அதன் மூலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் உரோமரின் அக்குவிலியச் சட்டம். பிறருடைய அடிமையையோ நாற்கால் விலங்கையோ தவறாகக் கொன்றவன், அதற்கு முந்திய ஓராண்டுக்குள் அதற்கிருந்த மிகக்கூடிய விலையைக் கொடுக்கவேண்டும் என்று அது விதித்தது. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை இல்லை என்பது உரோமர் கொள்கை. பின்வந்த டச்சுச் சட்ட அறிஞரே காயமுற்றவரின் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, நோவு ஆகியவற்றையும், இறந்தவரை நம்பி வாழ்ந்தோரின் ஆதரவிழப்பையும் அதனுட் கொண்டுவந்தனர். இவ்வழியிற் செல்பவர் எதிராளியின் தவற்றை நிறுவவேண்டும். அத்தவறே இழப்புக்குக் காரணம் என்பதையும் நிறுவவேண்டும். 2001இல் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்த்த புகழ்பெற்ற மருத்துவக் கவனயீன வழக்கு ஒன்றில், கவனயீனம் காணப்பட்டபோதும், அதுவே மரணத்துக்குக் காரணமாயிற்று என்பது நிறுவப்படவில்லை எனக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. காரணத் தொடர்பு என்னும் சொல்லின் கனத்தை அத்தீர்ப்பு உணர்த்தும்.

இரண்டாவது உரிமை, 1934ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரப்படுவது. இங்கே தொழில்கொள்வோரின் தவற்றை நிறுவவேண்டியதில்லை. சில விலக்குகளுக்கு உட்பட்டு, காயம் தொழிலோடு தொடர்புடைய விபத்தால் வந்தது என்பது போதும். தொகையும் அட்டவணைப்படி வேதனத்தையும் இயலாமையையும் ஒட்டிக் கணிக்கப்படும். முதல் வழியிற் கிடைப்பதைவிட அது குறைவாகலாம். ஆயினும் உறுதி கூடியது.

இவ்விரு வழிகளும் ஒருங்கே திறந்திருப்பனவல்ல. ஒரே காயத்துக்கு இரண்டிடத்திலும் ஈடு பெற முடியாது. ஒன்றிற் கால் வைத்தவருக்கு மற்றது அடைபட்டுவிடும். எனவே எவ்வழியைத் தெரிவது என்பதே காயமுற்றவர் செய்யவேண்டிய முதல் முடிவு. இரண்டு கதவுகளுக்கும் ஒரே பெயரை எழுதிவைத்துவிட்டு, அவர் தெரிந்தெடுத்துச் செல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் நீதியாகும்?

சிங்களத்தில் இவ்விடர் இவ்வளவில் இல்லை. நீதிமன்றம் தவறு கண்டு விதிக்கும் தொகைக்கு ‘அலாப’ என்றும், சட்டப்படி வழங்கும் ஈட்டுக்கு ‘வந்தி’ என்றும் இரு சொற்கள் அங்கே வழங்குகின்றன. தமிழ்நாட்டிற் பயிலும் ‘இழப்பீடு’ ஓசையால் இனியது. ஆயினும் அதுவும் இரண்டையும் ஒன்றாகவே கட்டுகின்றது. புதுச்சொல் படைத்து இதனைத் தீர்க்க முனைவதைவிட, ‘தவறு காட்டிப் பெறும் நட்டஈடு’, ‘தவறு காட்டாது பெறும் நட்டஈடு’ என அடைகொடுத்து வழங்குவதே நன்று. தொடர் நீண்டதுதான். அந்த நீளத்துக்குள் ஒரு சட்டப்பாடமே அடங்கியிருக்கின்றது.

4. கவனயீனம் என்னும் பழி

‘கவனயீனம்’ கவனம் இன்மையைக் குறிக்கும் சொல். அன்றாட வழக்கில் அது ஒருவரின் மனநிலையைச் சுட்டும். பராக்குப் பார்த்த பிள்ளை, பாலைப் பொங்கவிட்ட பெண் ஆகியோர்மேல் ஏற்றப்படும் பழி அது. சட்டத்தில் அதன் பொருள் வேறு. பிறருக்குத் தீங்கு நேரக்கூடும் என்பதை முன்னறியத்தக்க ஒருவர், நியாயமான மனிதர் ஒருவர் எடுத்திருக்கக்கூடிய தடுப்பு நடவடிக்கையை எடாது விடுவதே சட்டங்கூறும் கவனயீனம். உரோமர் இதற்கு அளவுகோலாகக் கொண்டது விழிப்புள்ள குடும்பத் தலைவனை. மிகுந்த கவனத்தோடு கணக்கெழுதும் முகாமை, காப்புத்தகட்டைப் பூட்டாது விட்டால், சட்டத்தின் முன் அது கவனயீனமே. ஆகவே இச்சொல்லின் உயிர் ‘கடமை’யில் இருக்கின்றது. தமிழ்ச் சொல்லில் அக்கடமை தொனிப்பதில்லை.

விளைவு பாரதூரமானது. ‘கவனயீனம் இருந்ததா?’ என்று கேட்கப்படும்போது, தொழிலாளி அதனைத் தம்மைப் பற்றிய கேள்வியாகவே கொள்கிறார். ‘ஆமாங்க, கொஞ்சம் பாக்காம இருந்துட்டேன்’ என்ற பணிவான மறுமொழி பதிவேட்டில் ஏறிவிடுகின்றது. மாவட்ட நீதிமன்ற வழக்கில் அவ்வொரு வாக்கியம் தொகையைக் குறைக்க வல்லது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், இரு பக்கத்தும் தவறு இருப்பின் தவற்றின் பங்குக்கேற்பத் தொகையைப் பகிரும் முறையைக் கொண்டுவந்தது. கட்டளைச்சட்டத்தின் வழியிலோ நிலைமை வேறு. அங்கே வெறும் கைதவறுதல் உரிமையை அழிப்பதில்லை. பாதுகாப்புக்கென இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுவது போன்ற கடுமையான நடத்தையே தடையாக வரும். கைதவறுதலையும் கட்டளை மீறுதலையும் ஒரே சொல்லின் நிழலிற் படுக்கவைப்பது மொழிபெயர்ப்புப் பிழை என்ற அளவில் நின்றுவிடுவதன்று.

தவற்றைப் பகிரும் அக்கோட்பாட்டுக்குப் ‘பங்களிப்புக் கவனயீனம்’ என்று எழுதுவோர் உளர். பங்களிப்பு என்பது கோயில் திருப்பணிக்கும் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் பொருந்தும் சொல். தன் விரலை இழந்தவர் அவ்விழப்புக்குப் ‘பங்களித்தார்’ என்பது தமிழ்க் காதுக்கு ஏளனமாகவே ஒலிக்கும். ‘காயம்பட்டவரின் பங்குத் தவறு’ என்றால் போதுமானது.

5. குளவியும் தொழிலும்

இரத்தோட்டை, எல்கடுவை மலைச்சரிவுகளிற் கொழுந்து பறிப்போர் அஞ்சும் பகைகளில் ஒன்று குளவி. மரக்கிளையிலோ தேயிலைச் செடியின் உள்ளேயோ கட்டிய கூடு கலைந்தால், ஓடுவதற்குப் பாதையில்லாத சரிவில் நிற்கும் பெண்களை அது சூழ்ந்துகொள்ளும். மலைநாட்டில் குளவி கொட்டி உயிரிழந்தோரும் உளர். அது சட்டத்தின் கண்ணில் ‘விபத்தா’? அது ‘தொழிலிலிருந்து எழுந்ததா’?

முதல் வினாவுக்கு விடை எளிது. 1903இல் ஆங்கிலப் பிரபுக்கள் சபை தீர்த்த ஃபென்ரன் எதிர் தோர்லி வழக்கிலிருந்து, எதிர்பாராததும் வேண்டுமென்று வருவிக்கப்படாததுமான தீய நிகழ்ச்சியே விபத்து எனக் கொள்ளப்பட்டு வருகின்றது. இங்கே எதிர்பார்ப்பு என்பது பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்க்கப்படுவது. ஆண்டுதோறும் குளவி கொட்டுவது முகாமைக்குத் தெரிந்திருந்தாலும், அன்றைய தினம் அம்மலையில் நின்ற பெண்ணுக்கு அது எதிர்பாராததே. முகாமைக்குத் தெரிந்திருந்தது என்பது வேறொரு வாதத்துக்கு உதவும். கூடு இருப்பதை அறிந்தும் அம்மலைக்கு ஆளனுப்பியிருந்தால், மேற்கூறிய கடமை அங்கே வந்து நிற்கும்.

இரண்டாவது வினாவிலேதான் மொழி இடறுகின்றது. 1897ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த தொடர் ஒன்று இலங்கைக் கட்டளைச்சட்டத்திலும் உள்ளது. விபத்து தொழிலிலிருந்து எழுந்ததாகவும், தொழிலின் போக்கில் நிகழ்ந்ததாகவும் இருத்தல்வேண்டும் என்பது அது. முன்னது காரணத்தையும் பின்னது காலத்தையும் இடத்தையும் பற்றியது. இவை இரண்டையும் ‘வேலையின்போது’ என்னும் ஒரு சொல்லில் அடக்கி எழுதும் பழக்கம் பரவியுள்ளது. அவ்வாறு எழுதப்பட்ட முறைப்பாடு பாதி வழக்கையே சொல்லுகின்றது. ‘குளவி இயற்கையின் செயல், தோட்டத்தின் செயலன்று’ என்று மறுதரப்பு எழும்போது அம்முறைப்பாட்டில் விடை இராது.

விடை சட்டத்தில் உண்டு. 1917இல் அதே சபையின் முன் வந்த ஸ்கொத்லாந்து வழக்கொன்றில், கொட்டகை ஒன்றினுள் மீன் அடுக்கிக்கொண்டிருந்த தொழிலாளிப் பெண்ணின்மீது, அயலவர் கட்டிய சுவர் இடிந்து கூரையோடு வீழ்ந்தது. சுவருக்கும் அவள் தொழிலுக்கும் தொடர்பில்லை. எனினும் அவ்வாபத்துள்ள இடத்தில் அவளை நிறுத்தியது தொழிலே என்பதால் ஈடு வழங்கப்பட்டது. குளவிக்கூடுள்ள மலையில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணின் நிலையும் இதுவே. ஆகவே வாக்குமூலத்தில் ‘வேலையின்போது குளவி கொட்டியது’ என்பதோடு, ‘அந்த மலைக்கு, அந்த நிரைக்கு என்னை அனுப்பியது வேலை’ என்னும் வாக்கியமும் இடம்பெற வேண்டும். ஒரு வாக்கியத்தின் இன்மை ஒரு குடும்பத்தின் ஈட்டை ஆட்டங்காணச் செய்யக்கூடும்.

2022ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின், வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் ஈட்டுக்குரியனவாயின. ‘வேலையின்போது’ என்னும் குறுகிய சொல் இனிமேல் சட்டத்தைவிடவும் ஒடுங்கியதாகவே இருக்கும்.

6. அரைப்பேர்

இயலாமையைச் சட்டம் தற்காலிகம், நிரந்தரம் என்றும், முழுமை, பகுதி என்றும் பகுக்கும். ‘நிரந்தரப் பகுதி இயலாமை’ என்னும் தொடரை முதன்முறை வாசிப்பவர், அது நிரந்தரமானதொரு பகுதியைப் பற்றியதென்று கொண்டால் அவரைக் குறைகூற முடியாது. அடை எதனைத் தழுவுகிறது என்பது தெளிவில்லை. அது குறிப்பது உறுப்பின் ஊனத்தையுமன்று. உழைத்துச் சம்பாதிக்கும் ஆற்றலில் நிலையாக ஏற்பட்ட குறைவையே அது அளக்கின்றது.

இக்கருத்துக்குத் தோட்டத்தாரிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. நாளொன்றின் வேலைக்குச் செக்ரோலில் விழும் பதிவு ‘பேர்’. கொழுந்து குறைந்தால் விழுவது ‘அரைப்பேர்’. ஒருவரின் பெயரையே பாதியாக்கும் இச்சொல்லில் எத்துணைக் கசப்பு உண்டோ அத்துணைத் துல்லியமும் உண்டு. விரலிழந்த பின் முழுப்பேர் எடுத்தவர் அரைப்பேர் எடுக்கிறார் என்றால், நிரந்தரப் பகுதி இயலாமை என்பதன் உட்பொருள் முழுவதும் லயத்துச் சிறுவனுக்கும் விளங்கிவிடும். மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் என ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சூடிய எழுத்தாளர்கள் தோட்டப் பேச்சை அச்சேற்றினர். சிறுகதை ஏற்றுக்கொண்ட அச்சொற்களைச் சட்டத்தமிழ் இன்னும் வாசற்படியில் நிறுத்திவைத்திருக்கிறது.

7. மறுப்பும் முடிபும்

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். சட்டச் சொல் நிலையானதாக இருத்தல்வேண்டும். ஊருக்கொரு சொல்லாக மாறினால் தீர்ப்புகள் தடுமாறும். அரசகரும மொழித் திணைக்களம் அரிதின் முயன்று தொகுத்த சொற்றொகுதிகளைக் கலைப்பது கேடு என்பது அது. இம்மறுப்பில் உண்மை உண்டு. சட்ட வாசகத்தில் ‘அரைப்பேர்’ இடம்பெறவேண்டியதில்லை. ஆனால் சட்டத்தின் வாசகம் வேறு. சட்டத்தின் விளக்கம் வேறு. விண்ணப்பப் படிவம், தொழிற்சங்கக் கைந்நூல், உரைபெயர்ப்பாளர் கேட்கும் கேள்வி ஆகியன விளக்கத்தின் பாற்பட்டவை. அங்கே கலைச்சொல்லின் அருகில் வாழும் சொல்லை வைப்பதால் எதுவும் குலையாது.

மாத்தளையில் இத்தேவை இருமடங்காகின்றது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகளாக்கியது. ஆயினும் மத்திய மாகாணத்தில் நீதிமன்ற நடவடிக்கை நடப்பது சிங்களத்திலேயே. தமிழில் வழக்குத் தொடுக்கவும், மொழிபெயர்ப்பைப் பெறவும் கட்சிக்காரருக்கு அரசியலமைப்பில் உரிமை உண்டு. ஆகவே தோட்டத்துப் பெண்ணின் சொல் முதலில் ஏட்டுத் தமிழாகி, பின் சிங்களமாகி, அதன்பின் ஆங்கிலத்தில் எழுந்த கோட்பாடொன்றோடு ஒப்புநோக்கப்படுகின்றது. மூன்று படிகளிலும் சிறிது சிறிதாக உதிர்வது அவள் வழக்கே. இதனிடையே காலமும் ஓடுகின்றது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, இழப்புக்கும் காயத்துக்குமான வழக்கு, வழக்குக்கான ஏது எழுந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படல்வேண்டும். சொல்லை விளங்கிக்கொள்வதற்குள் காலம் கடந்துவிடுதல் கூடும்.

தேர்க்காலில் அகப்பட்ட கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதையைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. இளவரசன் வேண்டுமென்று செய்ததன்று அது. கன்று ஓடிவந்து விழுந்தது. அமைச்சர்கள் கழுவாய் கூறினர். அரசனோ ஈடு என்பதைச் சமம் என்றே பொருள்கொண்டான். இன்றைய சட்டம் அவ்வழியிற் செல்வதில்லை, செல்லவும் கூடாது. மகனுக்கு மகன் என்னாது, இழந்த உழைப்புக்குப் பணம் என்று அது அமைதி காண்கின்றது. ஆனால் அக்கதையில் இன்றும் கொள்ளத்தக்க ஒன்று உண்டு. பசுவுக்கு மொழியில்லை, கலைச்சொல் தெரியாது. அது மணியை அசைத்தது. அரசன் இறங்கிவந்து, நடந்தது யாதென்று கேட்டறிந்தான். விளங்கிக்கொள்ளும் பொறுப்பு கேட்பவனுடையதாக இருந்தது.

இன்றைய ஆராய்ச்சி மணியின் கயிறு சொற்களால் திரிக்கப்பட்டது. தமிழ் பயின்றோர் அக்கயிற்றை எட்டும் உயரத்திற் கட்டித்தர வேண்டும். தோட்டத்துப் பெண் தாவிப் பிடிக்கும் உயரத்திலேயே அதனை விட்டுவிட்டு, அவள் ஏன் மணியை அசைக்கவில்லை என்று கேட்பது முறையாகாது.